படம் ஓர் அமானிதம்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



2021 ஜூலை மாதம் நம் சமுதாயப் பெண்கள் ஏலத்திற்கு விடப்பட்டார்கள். சந்தையில் அல்ல, செல்போனில்! 'சுல்லி டீல்ஸ்' என்று ஒரு செயலி. திறந்தால் ஒரு முஸ்லிம் பெண்ணின் படம் வரும். இவர்தான் இன்றைய விற்பனை என்று காட்டும். எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள். பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், ஒரு விமானி இருந்தார். ஆறு மாதம் ஒருவரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி முதல் நாள், 'புல்லி பாய்' என்ற பெயரில் அதே அக்கிரமம் மறுபடியும் அரங்கேறியது. மகனைத் தொலைத்துவிட்டு நீதி கேட்டு அலைந்து கொண்டிருந்த ஒரு தாயின் படத்தைக்கூட அந்தக் கயவர்கள் விட்டு வைக்கவில்லை. அதன் பிறகுதான் பெங்களூரிலும் உத்தரகாண்டிலும் அஸ்ஸாமிலும் இந்தூரிலும் கைதுகள் நடந்தன. பிடிபட்டவர்களில் பலர் கல்லூரி வயதுப் பிள்ளைகள்!

அந்தப் படங்களை யாரும் பூட்டை உடைத்து எடுக்கவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் பக்கத்தில் தாங்களே வைத்திருந்த படங்கள்தாம் அவை. உடனே நம்மில் சில பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? "பெண்கள் ஏன் படம் போட வேண்டும்?" என்றார்கள். சகோதரர்களே, இது நியாயமா? அந்தப் பெண்கள் எழுதினார்கள், பேசினார்கள், அதனால் குறிவைக்கப்பட்டார்கள். அவர்கள் வாயை மூட வைப்பதுதான் அவனுடைய நோக்கம். நாமும் சேர்ந்து மூடச் சொன்னால், அவன் வேலையை நாம் முடித்துக் கொடுக்கிறோம். படம் போடுவதா வேண்டாமா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு படத்தில் என்னென்ன போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்கட்டும். நான் பேச வந்தது அதைத்தான்.

செல்போனில் எடுக்கும் படம் வெறும் படம் அல்ல. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் போன் என்பதெல்லாம் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதிவாகிறது. லொகேஷன் திறந்திருந்தால், நீங்கள் நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட! ஆன்டி-வைரஸ் மென்பொருளால் உலகப் புகழ் பெற்ற ஜான் மெக்காஃபி, 2012இல் பெலிஸ் நாட்டுக் காவல்துறையிடம் சிக்காமல் தலைமறைவாக இருந்தார். அவரைச் சந்தித்த பத்திரிகை பெருமையோடு ஒரு படம் வெளியிட்டது. அந்தப் படத்திற்குள் குவாத்தமாலாவில் அவர் இருந்த இடம் அப்படியே இருந்தது. உலகத்தின் கணினிகளுக்குக் காவல் விற்றவருக்கே இந்த நிலை!

வணிகர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இந்த உள்விவரங்கள் நீங்கிவிடும். ஆனால் துணியின் நிறம் மங்கக்கூடாது, நகையின் வேலைப்பாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 'டாகுமெண்ட்'டாக அனுப்புகிறீர்களே, அப்போது எல்லாம் அப்படியே போய்ச் சேரும். குடோனில் வைத்து எடுத்த படம் என்றால், சரக்கையும் காட்டி, சரக்கு இருக்கும் இடத்தையும் காட்டிவிட்டீர்கள். முகம் தெரியாத 'பார்ட்டி'க்குச் சாவியை மட்டும்தான் கொடுக்கவில்லை! ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் கேமரா செட்டிங்ஸைத் திறந்து 'லொகேஷன் டேக்' என்பதை நிறுத்துங்கள். ஐபோன் என்றால் பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ், கேமரா என்று போய் 'நெவர்' கொடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் பழைய விவரம் அப்படியேதான் இருக்கும். அவற்றை அனுப்பும் நேரத்தில் லொகேஷனை நீக்க வேண்டும்.

உள்விவரத்தை நீக்கிவிட்டால் மட்டும் போதுமா? படத்தின் பின்னணியே பேசும். பிள்ளையின் பள்ளிச் சீருடை, வண்டி நம்பர், கடைப் பலகை. வளைகுடாவுக்கும் உம்ராவுக்கும் கிளம்பும் நம் தம்பிமார்கள் விமான நிலையத்தில் நின்று போர்டிங் பாஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அப்பாட் 2020இல் இதையேதான் செய்தார். அதில் இருந்த முன்பதிவு எண்ணை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துக் காட்டிவிட்டார். முன்னாள் பிரதமருக்கே அப்படியென்றால் நம் நிலை என்ன? டிராவல்ஸ்காரருக்கு ஆதார் அனுப்ப வேண்டியிருந்தால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று முதலில் கேளுங்கள். எண்ணை மறைக்க வேண்டுமென்றால் மார்க்கரால் பூசாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து தெரிந்துவிடும். கட்டியாகக் கறுப்புக் கட்டம் வையுங்கள்.

அடுத்தது முகம். 2020 மார்ச் 11 அன்று உள்துறை அமைச்சர் மக்களவையில் எழுந்து, டெல்லிக் கலவரத்தில் 1,100க்கும் மேற்பட்டோரை முக அடையாள மென்பொருள் மூலம் கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் படங்களை அதற்குள் செலுத்தியதாகவும் சொன்னார். அந்த மென்பொருள் 80 சதவீதம் பொருந்தினாலே 'பொருந்திவிட்டது' என்று எடுத்துக்கொள்வதாக டெல்லிக் காவல்துறை பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் அளித்தது. எண்பது சதவீதம்! மீதி இருபதில் யாருடைய பிள்ளை நிற்கிறது? தமிழகக் காவல்துறையிடமும் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2024 மே மாதம் அதற்குள்ளேயே வெளியாள் ஒருவர் நுழைந்துவிட்டார் என்பது செய்தியாக வந்தது. நாம் ஒளிந்து வாழ வேண்டியவர்கள் அல்லர். அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டம் தந்த உரிமை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் அமர்ந்த தாய்மார்களைப் போல நாளை யாரேனும் அமர்ந்தால், அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக நெருங்கி எடுத்து, பெயரோடு வலைத்தளத்தில் ஏற்றும் வேலையை நம் பிள்ளைகளே செய்ய வேண்டுமா? கூட்டத்தைப் பின்னால் இருந்து எடுங்கள். பதாகையை எடுங்கள். குழந்தைகளை எடுக்காதீர்கள்.

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையுங்கள் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியை எடுத்து நாற்பது குரூப்புக்கு அனுப்புகிறவர் யாரிடம் அனுமதி கேட்டார்? ரமளானில் அரிசிப் பையைக் கொடுக்கும்போது ஒரு விதவைத் தாயைப் பையோடு நிற்க வைத்து, நான்கு நிர்வாகிகள் சிரித்துக்கொண்டு எடுக்கும் படம் யாருக்காக? "கணக்குக் காட்ட வேண்டுமே" என்பார்கள். கணக்குக்குப் பதிவேடும் கையெழுத்தும் இருக்கின்றன. அந்தத் தாயின் வறுமை அவருடைய அந்தரங்கம். அதை விளம்பரமாக்க எந்த ஜமாஅத்துக்கும் உரிமையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எவனாவது உங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தை மாற்றி மிரட்டினால், முதலில் அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். நீங்கள் திட்டுவீர்கள் என்ற பயம்தான் அவனுடைய மூலதனம். பணம் கொடுக்காதீர்கள். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அவன் அனுப்பிய செய்தி, எண், பக்கத்தின் முகவரி, தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1930க்கு அழையுங்கள், சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால், 18 வயது நிறைந்தவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் உதவும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறி மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கும்.

இன்றைய கூட்டத்தைப் படமெடுத்த தம்பிகள் இருக்கிறீர்கள். ஏற்றுவதற்கு முன் பெண்கள் பகுதி தெரியும் படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள்; அவர்களிடம் கேட்டுவிட்டு வந்து முடிவு செய்வோம். போன் செட்டிங்ஸை மாற்றத் தெரியாத பெரியவர்கள் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு இங்கேயே இருங்கள், மாற்றிக் கொடுத்து அனுப்புகிறோம். வஸ்ஸலாம்.