இந்த ஆப்பை யாரைக் கேட்டு செஞ்சாங்க?

புதுசா ஒரு ஆப் வெளியிடுறதுக்கு முன்னாடி, சிலர் கையில அதைக் குடுத்து எங்க தடுமாறுறாங்கனு பார்ப்பாங்க. அதுதான் யூசர் ரிசர்ச். அந்தச் சிலர் யாருங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

பெரும்பாலும் கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்ல போட்டா யார் வர்றாங்களோ, அவங்கதான். ஐ.டி. ஆளுங்க, காலேஜ் பசங்க. உலகம் முழுக்கவே இந்தக் கதைதான். மனித-கணினி ஊடாட்டத் துறையோட பெரிய மாநாடு சி.எச்.ஐ. அதுல 2016லேர்ந்து 2020 வரைக்கும் வந்த ஆய்வுகளை ஒரு குழு அலசி, 2021ல வெளியிட்டாங்க. 73 சதவீத முடிவுகள் மேற்கத்திய மக்களை வச்சு எடுத்தது. அவங்க உலக மக்கள்தொகையில 12 சதவீதம்கூட இல்லை.

இப்போ ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வாங்க. கார், போன், டி.வி. எல்லாம் செய்யுற இடம். வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்குற குடியிருப்பை 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. போனைச் செய்யுற இவங்ககிட்ட, போனுக்குள்ள இருக்குற ஆப்பைப் பத்தி யாராவது கேட்டாங்களா?

கேட்காததால என்ன நஷ்டம்? பி.எஃப். பணத்தையே எடுத்துக்கோங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போன பொண்ணு சிம் மாத்தியிருந்தா, ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகும். ஆதார்ல பேர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சிக்கல். உழைச்ச காசு மாட்டிக்கும். நிரந்தர வேலை, ஒரே நம்பர்னு இருக்குறவங்களை மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணினா இது கண்ணுலயே படாது.

சரி, இவங்களை எப்படிக் கூப்பிடுறது? ஹெச்.ஆர். மூலமாவோ கான்ட்ராக்டர் மூலமாவோ போறது சுலபம். ஆனா சூப்பர்வைசர் சொல்லி வந்து உக்கார்ந்தவங்க "எனக்கு இஷ்டமில்லை"னு சொல்ல முடியுமா? வேலை போயிடுமோங்கிற பயம் இருக்குற இடத்துல சம்மதம்ங்கிறது வெறும் கையெழுத்துதான். அதனால கம்பெனிக்கு வெளியே போங்க. வார லீவு நாள், டீக்கடை, மெஸ், பஸ் ஸ்டாண்ட். நைட் ஷிஃப்ட் முடிச்சவங்களைக் காலையில பத்து மணிக்குக் கூப்பிடாதீங்க, தூங்கட்டும். செலவழிக்கிற நேரத்துக்குக் காசு குடுங்க. கம்பெனி பேரையும் ஐ.டி. நம்பரையும் குறிச்சு வைக்காதீங்க. ஒடிசா, பீகார்லேர்ந்து வந்தவங்களும் நிறைய பேர். ஒடியா, இந்தி பேசுற ஆள் உங்க டீம்ல வேணும்.

வந்தவங்க உண்மையைச் சொல்வாங்களாங்கிறது அடுத்த கேள்வி. பெங்களூருல 450 பேரைப் பேட்டி எடுத்து, 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரெண்டும் ஒரே பொருளா இருந்தாலும், கேட்கிறவர் செஞ்சதுனு நினைச்சதைச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமா "இதுதான் நல்லாருக்கு"னு மக்கள் சொன்னாங்க. வெளிநாட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளரை வச்சுக் கேட்டா, ஐந்து மடங்கு! வந்தவங்க மனசு நோகக் கூடாதுங்கிற மரியாதைதான் அது.

அதனால "நல்லாருக்கா?"னு கேட்காதீங்க. வேலை குடுங்க: "போன மாச ஓவர்டைம் எவ்வளவுனு இதுல கண்டுபிடிங்க அக்கா." அப்புறம் பேசாம கவனிங்க. இது உங்க ஆப்னும் சொல்லிக்காதீங்க.

கேட்கிற உங்கள்ல யாராவது ப்ராடக்ட் டீம்ல இருந்தா, கடைசியா பண்ணின ஆய்வுல யார் வந்தாங்க, யார் வரலைனு ஒரு பட்டியல் போடுங்க. வராதவங்க யாருனு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.