மருத்துவமனையும் நம் பொறுப்புதான்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைத் தலைமையாசிரியர் அவர்கள் சிறப்பாகப் பேசிவிட்டார்கள். நான் மருத்துவமனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிப் பேச்சா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். படித்த பிள்ளை என்பதற்கு அடையாளம் என்ன? மேசை மேல் இருக்கும் கிண்ணம் மட்டும்தானா? பக்கத்து வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதும் ஓர் அடையாளம்தான்.

அன்றைய நிலை

கிள்ளானுக்கும் மருத்துவத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தபோது, ஊரெங்கும் மலேரியாக் காய்ச்சல். அதே ஆண்டில் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்திலும் ஆட்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து, காட்டை அழித்து, கொசு பெருகாமல் செய்து அந்தக் காய்ச்சலை அவர் அடக்கினார். திட்டம் டாக்டருடையது, மண்வெட்டி பிடித்தவை கூலிக்காரர்களின் கைகள். ஓர் ஊரின் சுகாதாரத்தை டாக்டர் மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதுவே நம் வட்டாரத்தின் முதல் பாடம்.

பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிகள் வந்தன. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு டிரெஸ்ஸர் ஐயா, நாலைந்து கட்டில், எல்லா நோய்க்கும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் ஒரு தண்ணி மருந்து! "அங்க படுத்தா திரும்பி வர மாட்டோம்" என்று பயந்தவர்களும் உண்டு. ஆனாலும் அன்று ஒரு நல்லது இருந்தது. ஒருவர் படுத்தால் லயமே எழுந்து நிற்கும். ஒருத்தி கஞ்சி கொண்டு போவாள். ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். பால்மரம் வெட்டி முடித்து வரும் ஆண்கள் குளித்துவிட்டு நேரே கட்டிலருகே போய் நிற்பார்கள். அதற்குச் 'சமூக சேவை' என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இன்று பல தோட்டங்கள் இல்லை. இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலையும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் என்று அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிவிட்டன. நோய் வந்தால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது, கோலாலம்பூர் மருத்துவமனை இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் குடிமகனுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். மருந்து நல்ல மருந்து, மருத்துவர்கள் திறமைசாலிகள். ஆனால், அந்தப் பழைய லயம் மட்டும் கட்டிலருகே இல்லை. அந்த இடத்தை யார் நிரப்புவது?

கட்டிலருகே ஒரு தமிழ்க் குரல்

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி வார்டில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் வேலைக்குப் போயிருக்கிறான். "சாக்கிட் டி மானா?" என்று மிஸ்ஸி அன்பாகத்தான் கேட்கிறார். பாட்டி நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஆனால் தமிழில் கேட்டால் பாட்டி என்னென்ன சொல்வார்! "நெஞ்சு கரிக்குது" என்பார். "படபடன்னு அடிக்குது" என்பார். "இழுத்துப் பிடிக்குது, கை வரைக்கும் குடையுது" என்பார். முதலாவது வயிற்றுப் புளிப்பாக இருக்கலாம். கடைசியில் சொன்னது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு சொல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஓர் உயிர் தப்பும்.

இந்த வேலைக்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். இரண்டு மொழி தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். ஆனால் அதற்கும் ஒழுங்கு வேண்டும். நாமாக வார்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு ஒன்று உண்டு. பொதுமக்களிலிருந்து நியமிக்கப்படும் வருகையாளர் வாரியமும் உண்டு. அவர்களிடம் முதலில் அனுமதி பெற வேண்டும். நோயாளி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். மிஸ்ஸியைக் கேட்காமல் ஒரு வாய் பலகாரம்கூடக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு நாம் அன்பாகக் கொடுக்கும் லட்டு விஷமாகிவிடும். நோயாளியோடு படம் எடுத்து ஊருக்குக் காட்டக் கூடாது. "இன்னாருக்கு இன்ன வியாதியாம்" என்று வெளியில் பேசவே கூடாது. வாயைக் காப்பதும் தொண்டுதான்.

வீட்டிலேயே கடைசிக் காலத்தைக் கழிக்கும் நோயாளிகளையும் மறந்துவிட வேண்டாம். 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிப் போய், கட்டணம் வாங்காமல் அவர்களின் வலியைத் தணித்து வருகிறது. இப்படி ஓர் உதவி உண்டு என்று தெரியாமலே துன்பப்படும் குடும்பங்களுக்குச் சேதியைக் கொண்டு சேர்ப்பதும் ஒரு சேவைதான்.

பத்து வெள்ளியின் பலம்

அடுத்தது பணம். "நமக்கே இல்ல, நாம எங்க கொடுக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நம்மவர்களின் வரலாறே பதில் சொல்கிறது.

1943-இல் கோலாலம்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பேசிய கூட்டத்தில், ஜானகி என்ற இளம்பெண் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். போர் முடிந்தபோது நம் தோட்டங்கள் இருந்த நிலையைச் சொல்லி முடியாது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலர் நோயோடு வந்தார்கள். 1946-இல் இந்தியக் காங்கிரசின் மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்தபோது, அதில் சேர்ந்து தொண்டு செய்தவர் இதே ஜானகிதான். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் அவர், 2014-இல் மறைந்தார். நகையையும் கொடுத்தார், உழைப்பையும் கொடுத்தார்.

தமிழ்நாட்டுக்குப் போவோம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அம்மையாரின் மனத்தில் அன்று விழுந்தது. "புற்றுநோய்னா சாவுதானே, அதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரி?" என்று கேட்டவர்கள் மேலிடத்திலும் இருந்தார்கள். அம்மையார் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார்கள். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள்தாம்! அடுத்த ஆண்டு இளம் டாக்டராக வந்து சேர்ந்த சாந்தா அம்மையார், 2021-இல் கண் மூடும் வரை அந்த மருத்துவமனையே வாழ்வாக இருந்தார். ஏழை நோயாளிகளுக்கு இன்றும் அது புகலிடம். இத்தனைக்கும் அடிப்படை போட்டது, மாதர் சங்கத்துப் பெண்கள் சேர்த்த நிதி.

அதே 1954-இல்தான் நம் பெட்டாலிங் ஜெயாவில் பிரான்சிஸ்கன் கன்னிமார் ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து அசுந்தா மருத்துவமனை ஆனது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், சிறிதாகத் தொடங்கியவர்களே பெரிதாகச் செய்திருக்கிறார்கள்.

நம் தோட்டத்து மக்களும் இதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. 1950-களில் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது பாட்டாளிகளும் கொடுத்தார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். பால்மரம் வெட்டியவர்கள் கட்டினார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் கண் முன்னே நடந்த கதை.

ஆனால் ஒன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். நம் மக்கள் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. "கொடுத்த காசு எங்க போச்சுன்னு தெரியலையே" என்பதுதான் காரணம். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கும்போது நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, செலவைக் கோயில் வாசலில் ஒட்டுகிறோம் அல்லவா? அதே முறை இங்கும் வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைப் பெறாமல் உண்டியலைத் தூக்கக் கூடாது. பத்து வெள்ளியானாலும் ரசீது கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் உரிமத்தைக் காட்ட வேண்டும். கொடுப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு நேராக இருந்தால் அடுத்த ஆண்டு கை தானாக நீளும்.

இந்தப் பணம் எதற்கு? ஒரே ஓர் எடுத்துக்காட்டு. சிறுநீரகம் கெட்டுப்போனவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கப் படுக்க வேண்டும். அது ஒரு மாதத்தோடு முடிவதில்லை; மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை அல்லது வாழ்நாள் முழுதும் தொடரும். 1969-இல் அமைந்த தேசிய சிறுநீரக அறநிறுவனமும் மற்ற அறநிலையங்களும் நடத்தும் சுத்திகரிப்பு மையங்கள் மக்கள் தரும் நன்கொடையை நம்பியும் நடக்கின்றன. போக்குவரத்துக்குக் காசு இல்லாமல் ஒரு முறை தவறினாலே ஆபத்து. ஆகவே வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஒரு நோயாளியைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாலே அது பெரிய நன்கொடை.

காசு கொடுத்தாலும் தொழிற்சாலையில் கிடைக்காதது

மூன்றாவது, இரத்தம். இதை எந்தத் தொழிற்சாலையும் செய்ய முடியாது. மனிதன் மனிதனுக்குக் கொடுத்தால்தான் உண்டு. சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாளில் வீணாகிவிடும். ஆகவே ஒரு நாள் கூட்டமாகக் கொடுத்துவிட்டு ஆண்டு முழுதும் சும்மா இருக்க முடியாது. பெருநாள் விடுமுறைக் காலங்களில் கொடுப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். சாலை விபத்துகளோ குறைவதில்லை.

நம் சமூகம் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆர்.எச். நெகட்டிவ் என்னும் இரத்த வகை இந்நாட்டில் மலாய்க்காரர், சீனர்களைவிட இந்தியர்களிடையே அதிகம். அந்த வகையைச் சேர்ந்த ஒரு தாய்க்குப் பிரசவத்தில் இரத்தம் தேவைப்பட்டால், அதைக் கொடுக்கக் கூடியவர் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் இருப்பார். நாம் பின்வாங்கினால் வேறு யாரைத் தேடுவது? "ரத்தம் கொடுத்தா ஒடம்பு வீக்காயிடும்" என்பது வெறும் பயம். எடை 45 கிலோவுக்குக் குறையாத, உடல்நலமுள்ள பெரியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கொடுக்குமுன் அங்கேயே சோதித்துப் பார்ப்பார்கள். தகுதி இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாணவச் செல்வங்களுக்கு

பிள்ளைகளே, உங்களில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் பொதுவாக வார்டுக்குள் விடமாட்டார்கள். அது உங்கள் நன்மைக்காகத்தான். ஆனால் நீங்கள் செய்யக் கூடியவை நிறைய உண்டு. தாத்தா பாட்டிக்கு வந்த மருத்துவமனை அட்டையை எடுத்து, எந்தத் தேதியில் போக வேண்டும் என்று படித்துச் சொல்லுங்கள். எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எழுதியதை ஆசிரியரிடமோ அக்காவிடமோ ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலாயும் நன்றாகப் படியுங்கள், ஆங்கிலமும் படியுங்கள், தமிழையும் விடாதீர்கள். நாளைக்கு அந்தப் பாட்டிக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கப் போகிறவர்கள் நீங்கள்தான். உங்களில் சிலர் அந்த டாக்டராகவே வருவீர்கள். அப்போது பாட்டியிடம் தமிழில் பேசுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பெரிய சங்கம், பதவி, மாலை, மேடை எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பேர், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ரசீதுப் புத்தகம், ஆண்டுக்கு ஓர் இரத்ததான நாள். இவ்வளவு போதும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று போகுமுன் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

லயம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் லயத்தில் இருந்த மனசு போய்விட வேண்டியதில்லை. அது இனிமேல் மருத்துவமனைக் கட்டிலருகே போய் நிற்கட்டும்.

பரிசு பெற்ற பிள்ளைகளுக்கும், அவர்களை உருவாக்கிய ஆசிரியப் பெருமக்களுக்கும், பெற்றோர்க்கும் என் வாழ்த்துகள்.