நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் நீங்கள்தான் ஒரு வேலை கொடுத்தீர்கள். "உள்கடன் வாங்கி பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எடுக்கறவங்க எச்சாயிட்டாங்க. கடைக்காரங்க ஏமாத்தாம எப்படி வாங்கறதுன்னு கொஞ்சம் விசாரிச்சு வந்து சொல்லுங்க" என்றீர்கள். சரியென்று நாங்கள் மூன்று பேர் ஒரு நாள் காலையில் கிளம்பி, காந்திபுரம் கிராஸ்கட் ரோடு, 100 அடி ரோடு, ஒப்பணக்கார வீதி என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். விலை விசாரிக்கத்தான் போனோம். திரும்பி வரும்போது வேறு ஒரு விஷயமும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டையும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்பது எங்கள் கருத்து.

ஒரு பெரிய கடைக்குள் காலை 11 மணிக்கு நுழைந்தோம். ஏ.சி. குளுகுளு என்று இருந்தது. "வாங்கக்கா, என்ன பாக்கறீங்க?" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தால் நம்ம கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவருடைய மகள்! அவளுக்கும் எங்களைத் தெரிந்துவிட்டது. சிரித்தாள். மாலை 7 மணிக்கு பை ஒன்றை விட்டுவிட்டோம் என்று அதே கடைக்குத் திரும்பிப் போனோம். அதே இடத்தில் அதே பெண் நின்றுகொண்டிருந்தாள். காலையில் பார்த்த சிரிப்பு மட்டும் இல்லை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து, பிரிட்ஜில் சாய்ந்தும் சாயாமலும் நின்றாள். "உக்காரக் கூடாதா கண்ணு?" என்று கேட்டோம். "எங்கீங்க்கா உக்கார்றது? சேரே இல்லையே. ஸ்டெப்புல உக்காந்தா மேனேஜர் கேமராவுல பாத்துட்டுப் போன் போடுவாருங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லிராதீங்கக்கா" என்றாள்.

அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே பேசுகிறோம். பேர், ஊர், கடை எதுவும் சொல்லப்போவதில்லை.

காலை ஆறே முக்காலுக்கு ஊரில் டவுன் பஸ் ஏறுகிறாள். ஒன்பதரைக்குக் கடையில் கைரேகை வைக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம். முதலில் ஒரு கூட்டம்: நேற்று யார் எத்தனை விற்றீர்கள், இன்றைக்கு டார்கெட் எவ்வளவு. பத்து மணியிலிருந்து நிற்க வேண்டியதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முறை வைத்து அரை மணி. பெண்களுக்கான கழிப்பறை மேல் மாடியில். லிப்டு வாடிக்கையாளருக்கு மட்டும். அதனால் என்ன செய்கிறாள் என்றால், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள். அம்மா "சூட்டு உடம்பு" என்று நினைத்து வெந்தயம் கொடுத்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் வரும் நாள், அதனால் விடுமுறை வார நாளில். தீபாவளி மாதம் அதுவும் இல்லை.

ஒரு காலத்தில் நம்ம பகுதியில் பெண் பிள்ளைகளை மில்லுக்கு அனுப்பினோம். 'சுமங்கலித் திட்டம்' என்று மூன்று வருசம் விடுதியில் அடைத்து வைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். அதில் பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைவிட இது கௌரவமான வேலை, வீட்டுக்கு வந்து போகலாம், நல்ல சீருடை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். மில்லைவிட மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோமோ என்று எங்களுக்கு உறுத்துகிறது.

உட்காருவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மூலச் சட்டம் 1947-ல் வந்தது. அதில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். ஜவுளிக்கடை, நகைக்கடை, டிவி கடை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இது தானாக வரவில்லை. நமக்கு முன்னால் 2018-லேயே கேரளாவில் இந்த உரிமை சட்டமாகிவிட்டது. வாளையாறு தாண்டினால் கேரளா, ரொம்பத் தூரம் இல்லை. அங்கே கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று நம்ம ஒப்பணக்கார வீதி மாதிரி ஒரு கடைவீதி. அந்த ஊரில் விஜி என்ற தையல் வேலை செய்கிற பெண், கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடைப் பெண்கள் அங்கேயும் தண்ணீர் குடிக்காமல்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் உட்காரும் உரிமை என்று ஆரம்பித்தார்கள். பல வருசம் ஆனது. 2018-ல் பி.பி.சி. உலக அளவில் தேர்ந்தெடுத்த 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் வந்தது. நம்ம குழு மாதிரி ஒரு சின்னக் கூட்டம்தான் அவர்களும்.

நாற்காலி தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதே 1947 சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. அப்படி வாங்கினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அரை மணி போதாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஒரு வருசம் முடித்தால் 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு. அது போக மருத்துவ விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12. இதைச் சொன்னபோது அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க கடையில லீவுன்னா லாஸ் ஆப் பே மட்டுந்தாங்கக்கா" என்றாள்.

இரவு வேலை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் அரசு ஆணை வந்தது, பிறகும் நீட்டிக்கப்பட்டது. அதில் பெண்களுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் அவர்களை வேலை வாங்கக்கூடாது. வாங்குவதானால் அவள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் கடைக்காரர் ஏற்பாடு செய்ய வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில் பத்துக் காகிதத்தை நீட்டி "கையெழுத்துப் போடும்மா" என்பார்களே, அதில் இந்தச் சம்மதமும் இருக்கலாம். படித்துப் பார்க்காமல் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். 10 பேர் வேலை செய்கிற கடையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. அவள் சம்பளத்தில் நூற்றுக்கு 75 பைசாதான் பிடிப்பார்கள். கடைக்காரர் நூற்றுக்கு 3 ரூபாய் 25 பைசா கட்டுவார். நீர்க்கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்குப் பதில், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தராத கடைகளும் உண்டு.

இங்கே ஒரு சிக்கல். ஒரே தளத்தில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி கடையின் ஆள். இன்னொருத்தி ஒரு டிவி கம்பெனியின் 'புரமோட்டர்'. அவளுக்குச் சம்பளம் தருவது கடையும் இல்லை, கம்பெனியும் நேரடியாக இல்லை, நடுவில் ஒரு ஒப்பந்ததாரர். ஏதாவது பிரச்சினை என்றால் கடைக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி ஒப்பந்ததாரரைக் காட்டும். அதனால் மகள் வேலைக்குச் சேரும்போது முதல் கேள்வி, "கண்ணு, உனக்கு யார் முதலாளி?" என்பதாக இருக்கட்டும். நியமன ஆணையில் யார் பேர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, பொருள் வாங்கும் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண்ணுக்கு டார்கெட் இருக்கிறது என்றோம் அல்லவா? பிரிட்ஜ் விற்றால் மட்டும் போதாது. 'எக்ஸ்டென்டட் வாரண்டி' விற்க வேண்டும், ஸ்டெபிலைசர் விற்க வேண்டும், பைனான்ஸில் எடுக்க வைக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் ஊக்கத்தொகை போய்விடும், காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். பத்து மணி நேரம் நின்ற காலோடு, அந்தப் பயத்தோடு அவள் நம்மிடம் பேசுகிறாள். "அக்கா, இது எடுத்தே ஆகணும்" என்று வற்புறுத்தினால் அவள் கெட்டவள் இல்லை. நாமும் அதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை.

'வட்டியே இல்லை' என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24,000 ரூபாய் பிரிட்ஜ். ரொக்கமாகக் கொடுத்தால் 1,500 குறைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் எடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது, கூடவே பைல் சார்ஜ் 700. ஆக 2,200 ரூபாய் எங்கே போனது? அதுதான் வட்டி, வேறு பெயரில். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தவணை நாளில் கணக்கில் பணம் இல்லை என்றால் அபராதம் தனி. நம்ம உள்கடனுக்கும் வட்டி உண்டுதான், ஆனால் அது நம்ம குழுவுக்கே திரும்பி வருகிறது.

பொருள் பழுதானால் என்ன செய்கிறோம்? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். போன வருசம் நம்ம உறுப்பினர் ஒருவர் வாங்கிய வாஷிங் மெஷின் இருபது நாளில் நின்றுவிட்டது. நேரே கடைக்குப் போய், விற்ற பெண்ணைப் பிடித்து, கூட்டம் சேரும் அளவுக்குச் சத்தம் போட்டார். நாங்களும் கூடத்தான் இருந்தோம், தடுக்கவில்லை. அந்தப் பெண் அழுதாள். மெஷின் சரியாகவில்லை. அவளால் மெஷினையும் மாற்ற முடியாது, மெக்கானிக்கையும் அனுப்ப முடியாது. அன்றைக்கு மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்குவதற்கென்றே அவளை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது.

கேட்க வேண்டிய இடம் வேறு. பொருளை விற்ற கடையும் செய்த கம்பெனியும்தான் சட்டப்படி பொறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டப்படி தவறான வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் எத்தனை நாள் என்று போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும். கடை இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இதற்கெல்லாம் வேண்டியது பில்லும், சீல் வைத்த வாரண்டி கார்டும். குழுவின் தீர்மான நோட்டு எங்கே இருக்கிறதோ அதே பெட்டியில் அதையும் வையுங்கள்.

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறோம். நாங்கள் ஒத்திகை மாதிரி இதைக் கூட்டமைப்பு நிர்வாகிகளிடம் பேசியபோது ஒரு அக்கா கேட்டார்: "ஏனுங்க, நாற்காலி கேட்டா அந்தப் புள்ளைய வேலைய உட்டுத் தாட்டிருவாங்களே?" நியாயமான பயம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் அடுத்த மாத வாடகை மேல்முறையீட்டுக்காகக் காத்திருக்காது. அதனால்தான் நாங்கள் சொல்வது, அவள் கேட்க வேண்டாம், நாம் கேட்போம். காசு கொடுத்து வாங்க வந்தவரை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. பில் போடும் இடத்தில், அந்தப் பெண் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, மேனேஜரிடம் "இந்தப் புள்ளைங்க உக்கார சேர் எங்கீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி.

அன்றைக்கு இரண்டு கடைகளில் நாங்கள் கேட்டோம். ஒன்றில், "நீங்க லேபர் ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இன்னொன்றில் "ஏற்பாடு பண்றோங்க" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். ஒரு தளத்துக்கு இரண்டு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்து விலைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொன்றின் மேல் மிக்ஸி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். திரும்பவும் போக வேண்டும்.

கடைகளில் வேலை செய்யும் மகள், மருமகள் உள்ளவர்கள் பெயரை உங்கள் ஊக்குநரிடம் கொடுங்கள். அவர்களுக்கு ஞாயிறு லீவு கிடையாது என்பதால், எந்த வார நாளில் லீவு என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பெரும்பாலோருக்கு ஒத்துவருகிற ஒரு நாளில் கூட்டமைப்பு அலுவலகத்தில் அவர்களை உட்கார வைத்துப் பேசுகிறோம். சம்பளச் சீட்டும் நியமன ஆணையும் இருந்தால் எடுத்து வரட்டும். இல்லை என்றாலும் வரட்டும்.