அன்னைக்குப் பூச்செண்டா, பிரசவச் சம்பளமா?

(மாதர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே மாதத்து இரண்டாவது ஞாயிறு வந்தால் "அன்னையர் தினம்" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கடைக்காரர்கள் சேலைக்கும் நகைக்கும் தள்ளுபடி விளம்பரம் போடுகிறார்கள். பெற்ற தாயைப் போற்றக் கூடாது என்று யார் சொல்வார்கள்? நாமும் சொல்லவில்லை. ஆனால் இந்த நாளை யார் தொடங்கினார்கள், பிறகு அது யார் கைக்குப் போயிற்று என்பதை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மலைப் பிரதேசம் உண்டு. அங்கே ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்று ஓர் அம்மாள் வாழ்ந்தார். பத்துக்கு மேல் பிள்ளை பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் நால்வர்தான். மற்றவர்களை நோய் கொண்டுபோய்விட்டது. அந்தக் காலத்தில் அந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். தலைவிதி என்று அழுதுகொண்டு அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1858-ல் ஊர் ஊராகத் தாய்மார்களைத் திரட்டிச் சங்கம் வைத்தார். "அன்னையர் தின வேலைச் சங்கம்" என்று அதற்குப் பெயர். பெயரிலேயே "வேலை" இருப்பதைக் கவனியுங்கள்! விற்பனைக்கு வரும் பாலைச் சோதித்தார்கள். ஊரைச் சுத்தமாக வைக்கும்படி வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். பணம் திரட்டி மருந்து வாங்கினார்கள். ஒரு தாய் காசநோயில் படுத்துவிட்டால், அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சங்கமே ஆள் வைத்தது. 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, இந்தச் சங்கத்துத் தாய்மார்கள் இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் கஞ்சியும் மருந்தும் கொடுத்தார்கள். காயம்பட்டுக் கிடப்பவன் எந்தக் கட்சி என்று அவர்கள் கேட்கவில்லை. 1870-ல் ஜூலியா வார்ட் ஹோவ் என்ற இன்னோர் அம்மாள், யுத்தத்துக்கு எதிராக உலகத்துப் பெண்களெல்லாம் ஒன்றுகூட வேண்டும் என்று அறிக்கை விட்டார். ஆக, அன்னையர் தினத்தின் வேர் இரண்டு: ஒன்று குழந்தையின் உயிர், மற்றொன்று சமாதானம்.

ஜார்விஸ் அம்மாள் 1905-ல் காலமானார். அவருடைய மகள் அன்னா ஜார்விஸ், தாயின் நினைவாக 1908 மே 10-ந் தேதி கிராஃப்டன் ஊர் மாதாகோவிலில் ஆராதனைக்கு ஏற்பாடு செய்து, 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். ஊர்கள்தோறும் இந்த வழக்கம் பரவிற்று. 1914-ல் ஜனாதிபதி வில்சன் இதைத் தேசிய தினமாகப் பிரகடனம் செய்தார். தாய்மாரைக் கௌரவித்த அதே வில்சன், மூன்றே வருஷத்தில், 1917-ல், அவர்களுடைய பிள்ளைகளை ஐரோப்பிய யுத்தத்துக்கு அனுப்பினார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

பூவுக்கு வந்த கதையைக் கேளுங்கள். மே மாதம் வந்தால் கார்னேஷன் விலை ஏறியது. பூக்கடைக்காரரும் மிட்டாய்க் கம்பெனியும் வாழ்த்து அட்டை அச்சடிப்பவரும் லாபத்தை அள்ளினார்கள். அன்னாவுக்கு மனம் கொதித்தது. கண்டனம் எழுதினார், வழக்குப் போடுவேன் என்றார். 1925-ல் பிலடெல்பியாவில், போர்வீரர்களின் தாய்மார் சங்கம் இந்தப் பூவை விற்றுப் பணம் சேர்த்த மாநாட்டுக்கே போய்த் தகராறு செய்து, போலீசில் பிடிபட்டார். (அந்தத் தாய்மார் மேல் பாய்ந்தது நமக்குச் சரியாகப் படவில்லை. கோபம் நியாயம், போன இடம் தவறு.) கடைசியில், அன்னையர் தினத்தையே எடுத்துவிடுங்கள் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். 1948-ல் ஓர் ஆஸ்பத்திரியில், கையில் காசில்லாமல் இறந்தார். தனி ஒருத்தியாக நின்றார் அவர். அவர் தாயார் வைத்ததைப் போன்ற சங்கம் அவர் பின்னால் இல்லை.

ஜெர்மனிக்கு இந்த நாளை 1923-ல் கொண்டுவந்தவர்களே பூ வியாபாரிகள் சங்கத்தார்தான். பிறகு ஹிட்லர் வந்தான். 1938-ல் தாய்மாருக்குச் சிலுவைப் பதக்கம் ஏற்படுத்தினான். நாலு பிள்ளைக்கு வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம்! யூதத் தாய்க்கு அது கிடையாது. அடுத்த வருஷமே யுத்தம் மூண்டது. பதக்கம் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் பீரங்கிக்கு இரையானார்கள்.

சோவியத்திலும் 1944-ல் பத்துப் பிள்ளை பெற்றவருக்கு "வீரத்தாய்" விருது வைத்தார்களே என்று கேட்கலாம். வைத்தார்கள், உண்மைதான். பிள்ளைகளை எண்ணிப் பதக்கம் தருவதை நாம் பெரிதாகப் பேசப் போவதில்லை. நாம் பேசுவது அதற்கு முந்தி நடந்ததைப் பற்றி. புரட்சி முடிந்த சில மாதங்களுக்குள், பிரசவத்துக்கு முன் 8 வாரம், பின் 8 வாரம் சம்பளத்தோடு லீவு என்று அங்கே உத்தரவு பிறந்தது. அதுதான் கௌரவம்.

1919-ல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. எங்கே? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலேயே! பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஆறாறு வாரம் லீவு, அந்த நாட்களுக்குப் பண உதவி, பால் கொடுக்கத் தினம் இரண்டு முறை அரைமணி நேரம் என்று அங்கே ஒப்பந்தம் செய்தார்கள். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகியும், தனியார் கம்பெனிகளில் வேலை செய்யும் தாய்மாருக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு தரும் தேசியச் சட்டம் அங்கே இல்லை. 1993-ல் ஒரு சட்டம் வந்தது: 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். சில மாகாணங்கள் மட்டும் தாமாகக் கொடுக்கின்றன. உலகத்துக்கு அன்னையர் தினம் தந்த தேசத்தின் கதை இது!

நம் நாட்டில் 1961-ல் சட்டம் வந்தது. 2017-ல் அந்த லீவு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆயிற்று. காகிதத்தில் அமெரிக்காவை விட நாம் மேல். ஆனால் ஒரு வருஷத்தில் 80 நாள் வேலை செய்ததாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். காண்டிராக்டர் அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் எழுதினால்தானே! நாற்று நட, களை பறிக்கப் போகும் நம் சகோதரிக்கோ பதிவேடு என்பதே கிடையாது. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். வயிற்றில் பிள்ளையோடு சேற்றில் இறங்குகிறாள். போகாத நாளுக்குக் கூலி இல்லை.

ஆகவே ஒரு வேலையை முன்வைக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் இந்த வருஷம் பிள்ளை பெற்ற மில் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் எத்தனை பேர், எத்தனை நாள் லீவு கிடைத்தது, கையில் எவ்வளவு ரூபாய் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம்.