வலைச்சிலந்திகளைத் தடம்பார்த்து அறிதல்



ஓர் இணையத்தளத்தின் வாசலில் நிற்பது மனிதரா, தானியங்கி நிரலா என்பதை வழங்கிக் கணினி முகம்பார்த்து அறிய இயலாது. வருபவர் அறிவிக்கும் உலாவியின் பெயரும் வெறும் எழுத்துக்களே; எந்த நிரலும் அப்பெயரைச் சூடிக்கொள்ளலாம். எனவே கேட்கப்படும் கோப்புக்களின் ஒழுங்கே சான்றாகின்றது.

மனிதர் ஒரு பக்கத்தைத் திறக்கையில் அவரது உலாவி படங்களையும் வடிவமைப்புக் கோப்புக்களையும் சேர்த்தே கேட்கின்றது. பின்னர் சிறிது அமைதி, அவர் வாசிக்கின்றார். ஐம்பது இணைப்புக்கள் இருப்பினும் ஒன்றிரண்டையே சொடுக்குவார். வலைச்சிலந்தி எனப்படும் நிரலோ பெரும்பாலும் எழுத்துப் பக்கத்தை மட்டும் எடுத்து, இணைப்புக்கள் அனைத்தையும் ஓய்வின்றித் தொடர்கின்றது. 2002 இல் பாங்-நிங் டான், விபின் குமார் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்தகைய நடத்தைக் கூறுகளைக் கொண்டே நிரல்களைப் பிரித்தறிய முனைந்தது.

கண்ணுக்குப் புலப்படாத இணைப்பொன்றைப் பக்கத்தில் மறைத்துவைப்பது மற்றொரு வழி. 1994 இல் மார்ட்டைன் கொஸ்டர் முன்மொழிந்த ‘ரோபோட்ஸ்’ கோப்பில் அவ்விடம் செல்லலாகாது என்றும் எழுதிவைப்பர். நாகரிகமான நிரல் விலகிச்செல்லும், மீறுவது அகப்படும். 2004 இல் தொடங்கிய ‘புரொஜெக்ட் ஹனி பொட்’ இதனினும் நுட்பமானது. அதன் பொறிப்பக்கம் வருகையாளர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான மின்னஞ்சல் முகவரியைக் காட்டும். அம்முகவரிக்கு எரிதம் வந்துவிட்டால், அதனைத் திருடியது எந்த ஐ.பி. முகவரி, எந்த நாளில் என்பது வெளிப்பட்டுவிடும். தமிழ்ப் பாடசாலைப் பக்கங்களில் ஆசிரியர், பெற்றோர் முகவரிகளை அப்படியே இடுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆயினும் அவசரத் தடை தீங்கானது. பார்வையற்றோர் சிலர் எழுத்துமட்டும் காட்டும் உலாவியைப் பயன்படுத்துவதால் படங்களைக் கேட்பதில்லை. மறைத்த இணைப்பையும் திரைவாசிப்பு மென்பொருள் அவர்களுக்குப் படித்துக்காட்டிவிடக்கூடும். ஒரு நூலகத்தின் வாசகர் அனைவரும் ஒரே ஐ.பி. முகவரியில் வரலாம். நல்ல சிலந்திகளும் உள. 2009 இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அதன் பக்கங்கள் பலவற்றைக் காத்தவை இன்டர்நெட் ஆர்கைவ் போன்றோரின் சிலந்திகளே. தேடுபொறியைத் தடுத்தால் தமிழ் ஆவணமும் தேடுவோருக்கு அகப்படாது.

கூகிளின் சிலந்தி எனக் கூறிக்கொள்வதைச் சோதிக்க எளிய முறையுண்டு. அதன் ஐ.பி. முகவரிக்குரிய கணினிப் பெயரைத் தேடி, அப்பெயர் கூகிளுக்குரியதா எனக் கண்டு, பெயரிலிருந்து மீண்டும் அதே முகவரி கிடைக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இன்றைய நிரல்கள் சில முழு உலாவியையே இயக்கிப் படங்களையும் பெற்றுக்கொள்வதால், ஒரேயொரு அடையாளத்தை நம்பி எவரையும் தடைசெய்தல் ஆகாது.