ஜனனப் பதிவும் நமது குடும்பங்களும்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் பேச எழுந்தவர்கள் கல்வியைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் விவாகச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் அரிய விஷயங்களை எடுத்துரைத்திருக்கிறார்கள். யானோ இன்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் என்பது அதன் பெயர். இதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. காரியதரிசி அவர்களிடம் சென்ற வருஷத்தில் உதவி நாடி வந்த குடும்பங்களில் பெரும்பாலோர் இக்காகிதம் இல்லாமையாலோ, இருந்தும் பிழையாக இருந்தமையாலோதான் வந்தார்கள் என்பதைக் கேட்டால் அப்புன்னகை நின்றுவிடும்.

முதலில் எங்கள் குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்லுகிறேன். என் தமையனார் 1952-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பிறந்தவர். எங்கள் தகப்பனார் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது, வலக்கையைத் தலைமேல் கொண்டுவந்து இடக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்தார் வாத்தியார், விரல் எட்டிவிட்டது. உடனே 1951-ஆம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி என்று எழுதிக்கொண்டார். அக்காலத்தில் ஜூன் மாதம் முதல் தேதியில் பிறந்த பிள்ளைகள் நமது ஜில்லாவில் எத்தனை ஆயிரம் பேரோ! அத்தேதியே அவர் வெளியூர் ஆலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தபோதும் ஏறியது. 58 வயதில் ஓய்வு பெறுகிற காலம் வந்தபோது, உள்ளபடி இன்னும் 15 மாதம் வேலை செய்ய உரிமையிருந்தும், 2009-ஆம் வருஷம் மே மாத முடிவில் வீட்டுக்கு வந்துவிட்டார். கடைசிப் பெண்ணின் விவாகம் அவ்வருஷத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தது. பதினைந்து மாதச் சம்பளம் என்ன சிறு தொகையா?

இதில் வருந்தத்தக்கது யாதெனில், இரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றவர், பக்கத்தில் யாரோ ஜனனப் பதிவேட்டைத் தேடுவதைக் கண்டு தாமும் மனுச் செய்து பார்த்தார். எங்கள் ஊர் முனிசீப்பின் கையெழுத்தில், தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் தேதியும் பிசகின்றி, “ஆண் குழந்தை” என்று எழுதியிருந்தது. ஐம்பத்தொன்பது வருஷமாக அவ்வரி அங்கே காத்துக்கொண்டிருந்தது, கேட்பார்தான் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அதைக் காட்டியிருந்தால் திருத்தியிருப்பார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குக்கூட, சேர்ந்த 5 வருஷத்துக்குள் மனுச் செய்தால்தான் பிறந்த தேதியைத் திருத்திக்கொள்ள இடமுண்டு. அதன்பின் கேட்பது வெள்ளம் வடிந்தபின் அணை போடுவது போலத்தான்.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் 1899-ஆம் வருஷத்திலேயே ஜனன மரணப் பதிவுக்கென்று ஒரு சட்டம் உண்டாயிற்று. இப்போது இந்தியா முழுமைக்கும் உள்ளது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கு 2023-ஆம் வருஷத்தில் ஒரு பெரிய திருத்தம் செய்யப்பட்டு, அவ்வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. அத்தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், வாகன உரிமம், ஆதார், விவாகப் பதிவு, அரசாங்க உத்தியோகம் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்க இச்சான்றிதழே ஆதாரம். கடவுச்சீட்டு விதிகளையும் 2025-ஆம் வருஷத்தில் இவ்வாறே திருத்திவிட்டார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிக் காலந்தள்ளலாம் என்னும் நமது பழைய தைரியம் இனிப் பிறக்கும் பேரப்பிள்ளைகளுக்கு உதவாது.

எங்கே சென்று கேட்பது என்பதில்தான் நம்மவர் அதிகமாகத் திகைக்கிறார்கள். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. நமது நகரியத்தில் தெருவையும் தண்ணீரையும் வீட்டையும் சுகாதாரத்தையும் நிறுவனத்தின் நகர நிர்வாகமே கவனித்து வருகிறது. ஆனால் வட்டங்களின் எல்லையைத் தாண்டினால் ஒரு பக்கம் கங்கைகொண்டான் பேரூராட்சி, மற்றொரு பக்கம் 2021-ஆம் வருஷத்தில் நகராட்சியான வடலூர், மற்ற இடங்களிலெல்லாம் கிராமப் பஞ்சாயத்துக்கள். இப்படியிருக்க, “நான் இருப்பது இத்தனையாம் வட்டம், என் குழந்தையின் பதிவு ஏன் இங்கே இல்லை?” என்று கேட்டு அலைகிறவர்கள் பலர். குழந்தை எவ்விடத்தில் பிறந்ததோ அவ்விடத்துப் பதிவாளரிடந்தான் பதிவு இருக்கும். பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது கணக்கில்லை. ஓடுகிற பஸ்ஸில் பிறந்த குழந்தைக்குக்கூட, வண்டி முதலில் நின்ற இடமே பதிவுக்குரிய இடம் என்று விதி செய்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நமது வழக்கம். ஆகையினால் நெய்வேலியில் வாழும் நமது குழந்தைகள் பண்ணுருட்டியிலும் விருத்தாசலத்திலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் பிறந்தவர்களாக இருக்கிறார்கள். பிரசவம் சற்றுக் கடினம் என்று தெரிந்தால் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பிறந்த குழந்தை வேறு ஆட்சிப் பிரதேசத்தில் பிறந்த குழந்தை என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. ஜிப்மர் இருப்பது உழவர்கரை நகராட்சியின் எல்லையில். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் எத்தனை முறை தேடினாலும் அக்குழந்தை அகப்படாது, புதுச்சேரியில்தான் கேட்கவேண்டும். ஓர் அன்பர் இது தெரியாமல் நமது ஜில்லாவில் மூன்று அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டை எறிந்துவிடாமல், “எந்தப் பதிவாளருக்கு எழுதி அனுப்பினீர்கள்?” என்று கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இவ்வொரு வரி ஆறு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் அறிவிக்கவேண்டிய கடமை ஆஸ்பத்திரி அதிகாரியுடையது. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவருடையது. தவணை 21 நாள். அறிவித்தவருக்கு முதற் சான்றிதழ் இலவசம். அதையும் 7 நாட்களுக்குள் தரவேண்டுமென்று இப்போது சட்டமே சொல்லுகிறது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் 12 இலக்கப் பதிவு எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். பிரசவத்தைப் பதியும்போது அதைக் கேட்பார்கள். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் சான்றிதழும் செல்லும்; முத்திரையும் பச்சை மையும் இல்லையே என்று சந்தேகிக்க வேண்டாம்.

இனி, பெயரைப் பற்றி. இதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். பிறந்த அன்றே பெயர் வைப்பது நமது வழக்கமன்று. நட்சத்திரம் பார்த்து, எழுத்துப் பார்த்து, மாமனார் ஒரு பெயரும் பாட்டி ஒரு பெயரும் சொல்லி, தீர்மானமாவதற்குள் மூன்று மாதம் ஆகிவிடும். அதுவரையில் பதிவேட்டில் “பெண் குழந்தை” என்று மட்டும் இருக்கும். அதில் தவறில்லை, சட்டமும் அதற்கு இடங்கொடுக்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெற்றோர் சென்று பெயரைச் சொன்னால் கட்டணமின்றிச் சேர்ப்பார்கள். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 வருஷம் வரையில் சேர்க்கலாம். பழைய பதிவுகளுக்காக இத்தவணையை ஒரு முறைக்கு மேல் நீட்டித்தும் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் நமது வீடுகளில் பெயரில்லாத சான்றிதழ்கள் பெட்டிக்குள் உறங்குகின்றன. பெரும்பாலும் பெண் குழந்தைகளுடையவை என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பையனுக்கு ஓடிச் சென்று பெயர் சேர்க்கிற தகப்பனார், பெண்ணுக்கு “கலியாணத்தின்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். அப்பெண் படித்துப் பட்டம் பெற்று, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, கடவுச்சீட்டுக்கு ஓடும்போது அத்தகப்பனார் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

பெயரைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொட்டிலில் அழைக்கும் பெயரைக் கொடுக்காதீர்கள். பள்ளியில் எப்பெயரோ அதையே, அதே எழுத்துக்களில், தகப்பனாரின் முழுப் பெயருடன் கொடுங்கள். பின்னர் மனம் மாறி வேறு பெயர் வேண்டுமென்றால் எளிதில் நடவாது. பிழை திருத்தத்துக்கு மட்டும் 15-ஆம் பிரிவில் வழியுண்டு. அங்கேகூட மூல வரியை அடிக்கமாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுவார்கள். முதலில் எழுதியது என்றைக்கும் அங்கே இருக்கும்.

பதிவே செய்யாமல் விட்டவர்கள் என்ன செய்வது? 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணத்தோடு மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியும், சுயமாய்க் கையொப்பமிட்ட ஆதாரமும். ஒரு வருஷம் கடந்துவிட்டால் முன்பெல்லாம் மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டு வரையில் செல்லவேண்டியிருந்தது. 2023-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் கோட்ட அளவிலுள்ள வருவாய் அதிகாரியின் உத்தரவே போதும். பதிவேட்டில் தேடியும் இல்லை என்பதற்கான சான்றை முதலில் வாங்கிக்கொண்டு அவரிடம் செல்லவேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களில் பலர் சுரங்கத்துக்காக ஊரையே கொடுத்தவர்கள். ஜம்புலிங்க முதலியார் அவர்கள் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாய் ஏதோ வெளிப்பட்டது முதல், 1957-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது வரையில் நீங்கள் அறியாததன்று. வீடும் கோயிலும் குளமும் இருந்த இடம் இன்று பள்ளமாகவோ மண்மேடாகவோ இருக்கிறது. “ஊரே இல்லை, ஊர்ப் பதிவு எங்கே இருக்கும்?” என்று அவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். நில எடுப்பில் சேரவேண்டிய பாக்கிக்கும் வாரிசுரிமைக்கும் முதியோர் உதவிக்கும் வயது நிரூபணம் கேட்கும்போது வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

ஊர் போயிருக்கலாம், பதிவேடு போகவில்லை. கிராமப் பதிவேடுகள் முனிசீப்பு வீட்டோடு கிடப்பவையல்ல. வருஷம் முடிந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்த்துப் பாதுகாக்கப்படுவது வழக்கம். 1980-ஆம் வருஷம் நவம்பரில் பழைய கிராம அதிகாரிகள் பதவியே எடுபட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோதும் அவை அங்கேயே இருந்தன. உங்கள் ஊர் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருந்தது என்று தெரியவில்லையா? பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஜில்லா, தாலுகா, சப் டிஸ்டிரிக்ட் என்று சொத்து விவரத்தில் வரிசையாக எழுதியிருக்கும். தென்னாற்காடு ஜில்லா என்று இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். 1993-ஆம் வருஷத்தில்தான் அது கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் பதிவில் தென்னாற்காடு என்று இருப்பதே சரி.

பழைய பதிவேட்டைப் பெயரைச் சொல்லித் தேட முடியாது. தேதி வரிசையாக எழுதியிருப்பதால் வருஷமும் மாதமுமாவது வேண்டும். இதற்கு வீட்டிலுள்ள மூதாட்டிகளே உதவி. “பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட வருஷம் உன் மாமன் கைக்குழந்தை” என்றால் 1961. “தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு அடுத்த மாசி” என்றால் 1965. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். பிறப்புச் சான்றிதழில் நம் ஜாதியைச் சேர்த்துத் தரச் சொல்லி, அது வந்தால் சலுகைக்கு உதவும் என்று சங்கத்துக்கு எழுதுகிறார்கள். அதில் ஜாதிக்கென்று இடமே கிடையாது. ஜாதிச் சான்றிதழ் தாசில்தார் வழியாகப் பெறவேண்டிய தனிக் காகிதம். இவ்விரண்டையும் சேர்த்து வாங்கித் தருவதாகச் சொல்லுகிற தரகரை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டார்களோ?

அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9 மணி முதல் சங்கக் கட்டிடத்தின் முன்னறையில் நானும் ஓய்வுபெற்ற இரண்டு குமாஸ்தா நண்பர்களும் அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். பழைய பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். கூடவே வீட்டிலுள்ள பாட்டியையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.