காத்திருப்போர் செய்யும் வேலை

கிறிஸ்தவ வாழ்வில் திட்டமிடுதலும் பொறுமையும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்ன உவமை லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. அஸ்திவாரம் போட்டு முடிக்காமல் விட்டவனை ஊர் பரிகசிக்கும் என்பதும் அதில் உண்டு. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இது புதிய செய்தியல்ல. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கம் தெற்குக் கோபுரத்தை அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் முன்னின்று கட்டுவித்தார். 13 நிலை, 236 அடி உயர ராஜகோபுரமாக 1987 மார்ச் 25இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது.

யாக்கோபின் நிருபத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவன் பொறுமைக்கு முன்மாதிரியாக வருகிறான். நாற்றங்காலை உழுது, விதைநெல் சேர்த்து, வாய்க்காலைத் தூர்வாரி வைத்த பிறகுதான் காவிரிக்கரை விவசாயி தண்ணீருக்குக் காத்திருக்கிறான். எதையும் செய்யாமல் வானத்தைப் பார்ப்பவனைப் பொறுமைசாலி என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. கர்த்தருக்குச் சித்தமானால் நடக்கும் என்று சொல்லிவிட்டு வரவுசெலவுகூடப் போடாமல் இருப்பது சபைகளில் இன்றும் காணப்படுகிறது. அது விசுவாசம் ஆகாது. அதே நிருபம் கண்டிப்பது, நாளைய நாள் தன் கையில் இருப்பதாகப் பேசும் வியாபாரியின் பெருமையைத்தான். வியாபாரியின் கணக்கை அல்ல. எருசலேம் அலங்கம் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்ட நெகேமியா, நான்கு மாதம் ஜெபத்தில் காத்திருந்தே ராஜாவிடம் வாய் திறந்தார். ஊர் வந்து சேர்ந்தபின்னும் இரவில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு சுற்றி இடிபாடுகளைப் பார்வையிட்டார். கட்டி முடிக்க 52 நாட்களே ஆயின.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிரஷ்யாவில் பிறந்த அவர், ஹாலேயில் மாணவராக இருந்தபோதே தமிழ் வேதாகம அச்சுப்பணிக்கு உதவத் தமிழ் கற்கத் தொடங்கினார். அதனால் 1750இல் தரங்கம்பாடியில் இறங்கிய சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்ய முடிந்தது. 1762இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். பழைய கட்டடம் ஒன்றில் அவருக்குக் கிடைத்த அறையில் அவரும் அவருடைய கட்டிலும் மட்டுமே அடங்கும். நிமிர்ந்து நிற்பதே கடினம். சோறும் காய்கறியும்தான் சாப்பாடு. கறுப்புச் சாயமிட்ட முரட்டுத் துணியே ஆண்டு முழுவதற்குமான உடை. இந்தச் சிக்கனம் வெறும் துறவு அன்று. மிச்சம் பிடித்த காசு எங்கே போகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் தந்தையரை இழந்த பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கோட்டைக்குள் கிறிஸ்து நாதர் ஆலயம் 1766இல் எழுந்தது. ஆற்காட்டு நவாபின் அவையோடு பேசுவதற்காகப் பாரசீகமும் கற்றார்.

பல ஆண்டுகள் கழித்தே அதற்கெல்லாம் பலன் கிடைத்தது. 1779இல் ஐதர் அலியிடம் தூது அனுப்ப நம்பிக்கையான ஆளைத் தேடிய சென்னை அரசு அவரை அனுப்பியது. வழிச்செலவுக்கு ஐதர் கொடுத்த 300 ரூபாயையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பள்ளி நிதியில் சேர்த்தார். ஐதரோடு போர் வருமுன், நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேமித்தார். தஞ்சைக் கோட்டை பட்டினியில் தவித்தபோது, அரண்மனையின் வாக்கை நம்பாத குடியானவர்கள் அவர் பணம் தருவார் என்று நம்பி மாடுகளைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாட்களில் 80,000 கலம் தானியம் உள்ளே வந்தது. அவர் பல ஆண்டுகள் நாணயமாக நடந்துவந்ததே அந்தக் கொள்முதலுக்கு முதல்.

அவருடைய எல்லாத் திட்டமும் அவர் கண்முன் நிறைவேறவில்லை. 1787இல் துளஜா மன்னர் தம் தத்துப்பிள்ளை சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டார். ஆனால் அரியணைக்கு அந்தப் பிள்ளை அல்ல, மன்னரின் தம்பி அமர்சிங் வந்தார். பிள்ளையின் படிப்பும் பாதுகாப்பும் உரிமையும் பதினோரு ஆண்டுக் கவலையாயின. 1798 பிப்ரவரி 13இல் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் இறந்தார். சரபோஜி அரியணை ஏறியது அதே ஆண்டில், அவர் மறைந்து சில மாதங்களுக்குப் பின். இரண்டாம் சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அந்தக் காத்திருப்பால் பயன் பெறுகிறார்கள்.

திட்டம் பாதியில் நின்ற கதையும் திருச்சியில் உண்டு. கல்கத்தா பிஷப் ஹீபர் 1826 ஏப்ரல் 3 காலை சுவார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். திரும்பி வந்து குளிக்கப் போனவர் தண்ணீரிலேயே இறந்தார். வயது 42. அவர் பெயரில் இந்த ஊரில் இன்று ஒரு கல்லூரி நடக்கிறது.

அத்தகைய கல்லூரிகளில் பட்டம் பெற்று வெளியேறுவோரில் பலருக்கு முதல் வேலை நினைத்தபடி அமையாது. சிலருக்கு வேலையே தாமதமாகும். அந்த மாதங்களை வீணாக்காமல், போகப்போகும் ஊரின் மொழியையோ செய்யப்போகும் தொழிலின் கணக்கையோ இப்போதே கற்கத் தொடங்க வேண்டும். சுவார்ட்ஸ் ஐயர் தமிழ் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியபோது இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவது உறுதியாகியிருக்கவில்லை.